1089, 1489, 1197: நம்ம வண்டிக்கு கிளாஸ் பிரிச்சது யாரு?

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க அக்கா பையன் வண்டியோட வந்து வாசல்ல நின்னான். கள்ளக்குறிச்சியில எங்க வீடு கச்சிராயபாளையம் போற ரோட்டு மேலதான். வண்டி 2013 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல், ரெண்டாவது கை. கையில ரெண்டு பேப்பர் வச்சிருந்தான். ஒண்ணு, கோயம்புத்தூர் பக்கம் நடக்கப்போற ஒரு ஆட்டோகிராஸுக்கான விதிமுறை. இன்னொண்ணு, ஒரு ஆக்சஸரீஸ் கடையில எழுதி வாங்கின கொட்டேஷன்: பதினாறு இஞ்ச் அலாய் வீல், ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட், ஓப்பன் ஏர் ஃபில்டர், தாழ்வான ஸ்பிரிங் செட். மொத்தம் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ.

"மாமா, இதெல்லாம் போட்டுட்டா எந்த கிளாஸ்ல பேர் குடுக்கலாம்?"

கேள்வியே தலைகீழா இருக்குன்னு சொன்னேன். முதல்ல கிளாஸ், அப்புறம்தான் வண்டியில கை வைக்கிறது. அவன் நம்பல. ஏன்னு கேட்டான். அதுக்கு நான் சொன்ன பதில் ரொம்ப நீளமாப் போச்சு. அதைத்தான் இந்த எபிசோடுல கொஞ்சம் ஒழுங்குபடுத்திச் சொல்றேன்.

ஆட்டோகிராஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஒரு மைதானம். அதுல கோன் வச்சு, வளைஞ்சு நெளிஞ்சு ஒரு பாதை. நம்ம நாட்டில பெரும்பாலும் மண் தரை. பொதுவா ஒரு வண்டி ஓடி முடிச்ச பிறகு அடுத்த வண்டி. பக்கத்துல உரசிக்கிட்டு ஓடுறது இல்லை, கடிகாரத்தோட ஓடுறது. கோனை இடிச்சா நேரத்தோட சில வினாடி அபராதம் சேரும். அவ்வளவுதான். வீட்டுக்கு வச்சிருக்கிற வண்டியையே கொண்டுபோய் ஓட்டலாம், அதனாலதான் இது சாதாரண ஆளுங்க விளையாட்டா இருக்கு.

ஆனா இதுல ஒரு விசித்திரம் கவனிங்க. உங்க எதிராளியை நீங்க மைதானத்துல பாக்கவே மாட்டீங்க. அவன் ஓடும்போது நீங்க வரிசையில நிப்பீங்க, நீங்க ஓடும்போது அவன் டீ குடிச்சிட்டு இருப்பான். ரெண்டு பேரையும் எதிராளி ஆக்குறது ஒரு பேப்பர். அந்தப் பேப்பர்ல இருக்கிற கோடுதான் கிளாஸ். அப்போ அந்தக் கோடு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்காம பேர் குடுக்கிறது, யாரோட மல்லுக்கட்டப் போறோம்னு தெரியாம கோதாவுல இறங்குற மாதிரி.

தமிழ்நாட்டில இந்தக் கதை சோழவரத்துல ஆரம்பிக்குது. செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப்போர் காலத்துல போட்ட விமான ஓடுதளம். போர் முடிஞ்சதும் அது சும்மா கிடந்தது. 1953-ல தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கு அதுதான் பல வருஷம் களம். வேற ஊர்கள்ல இருந்தெல்லாம் வண்டிகள் வரும். அரச குடும்பத்துக்காரங்க வெளிநாட்டு வண்டியோட வருவாங்க. 1980-களின் தொடக்கத்துல விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் வண்டியையே கொண்டுவந்து ஓட்டினார். அதையெல்லாம்தான் பழைய ஆளுங்க கதை கதையா சொல்லுவாங்க. எனக்கு அதுல பெருசா ஆர்வம் இல்லை. அந்த என்சைனுக்கு எந்த கிளாஸ்னு யாரும் குழம்பியிருக்க மாட்டாங்க. குழப்பம் எல்லாம் வாரம் முழுக்க ஆபீஸுக்கு ஓட்டிட்டு ஞாயித்துக்கிழமை அதையே ரேஸுக்குக் கொண்டுவந்தவனுக்குத்தான்.

அவன்கிட்ட என்ன வண்டி இருந்திருக்கும்? இங்கதான் கதை டில்லிக்குப் போகுது. 1953-ல கட்டணக் கமிஷன், அதாவது டாரிஃப் கமிஷன், இந்தியாவிலேயே உதிரிபாகம் தயாரிக்கிற திட்டம் உள்ள கம்பெனிகள் மட்டும் கார் தொழிலில் இருக்கலாம்னு பரிந்துரை செஞ்சது. வெளிநாட்டுப் பாகங்களை இறக்கி இங்க பூட்டி வித்துக்கிட்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டிடுச்சு. மிச்சம் இருந்த கார்கள்னு பார்த்தா சாதாரண மனுஷனுக்கு மூணே மூணுதான். இந்துஸ்தான் அம்பாசடர், 1489 சி.சி. பம்பாயில தயாரான ஃபியட் 1100, பின்னாடி பிரீமியர் பத்மினின்னு பேர் மாறினது, 1089 சி.சி. அப்புறம் நம்ம வண்டலூர்ல தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, 948 சி.சி.

சரி, சி.சி.ன்னா என்ன? என்ஜினுக்குள்ள பிஸ்டன் மேலயும் கீழயும் போய் வர்ற இடத்தோட கொள்ளளவு. உலகம் முழுக்க மோட்டார் பந்தயத்துல கிளாஸ் பிரிக்கிறதுக்கு அடிப்படை அளவுகோல் இதுதான். இப்போ நீங்க ஒரு ரேஸ் கமிட்டியில உக்காந்திருக்கீங்கன்னு வச்சுக்குங்க. 1000-ல கோடு போடுங்க, 1100-ல போடுங்க, 1500-ல போடுங்க. எங்க போட்டாலும் கடைசியில உங்களுக்குக் கிடைக்கிறது ஹெரால்டு பெட்டி, ஃபியட் பெட்டி, அம்பாசடர் பெட்டி. கோட்டைக் கிழிச்சது கிளப்பா இருக்கலாம், பெட்டிக்குள்ள என்ன இருக்கணும்னு முடிவு பண்ணினது தொழில் லைசென்ஸ் குடுத்த அரசாங்கம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு கணக்கு இருக்கு. பேப்பர் பேனா இருந்தா நீங்களும் போட்டுப் பாருங்க. ஃபியட் 1100 சிலிண்டரோட விட்டம் 68 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடுற தூரம் 75. நாலு சிலிண்டருக்குப் பெருக்கினா 1089 வரும். அந்தக் காலத்துல லட்சம் கிலோமீட்டருக்கு முன்னாடியே என்ஜின் தேஞ்சு புகை தள்ளும். லேத் பட்டறையில குடுத்து ரீபோர் போடுவாங்க, அதாவது சிலிண்டரைக் கொஞ்சம் கடைஞ்சு அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போடுறது. கால் மில்லிமீட்டர் கடைஞ்சா 1097 சி.சி. ஆகும். அரை மில்லிமீட்டர் கடைஞ்சா 1105. எங்கெல்லாம் 1100-ல கோடு இருக்கோ, அங்கெல்லாம் அந்த ஃபியட் ரேஸுக்குன்னு ஒண்ணுமே செய்யாம, வெறும் ரிப்பேர் பார்த்ததுக்கே மேல் கிளாஸுக்குப் போயிடும்! அம்பாசடரும் அப்படித்தான். 73.025 விட்டம், 88.9 ஓட்டம். கால் மில்லிமீட்டர் ரீபோருக்கு 1499.6 சி.சி. மயிரிழையில தப்பிக்கும். அரை மில்லிமீட்டருக்கு 1509. ஒரு தலைமுடி கனத்துல பல மடங்குகூட இல்லாத அளவு, நீங்க யாரோட மோதணும்னு மாத்திடும்.

இதைச் சொன்னப்போதான் அக்கா பையன் முதல் தடவையா கொட்டேஷன் பேப்பரைக் கீழ வச்சான்.

சி.சி. ஒரு கோடு. இன்னொரு கோடு, வண்டியில எவ்வளவு கை வச்சிருக்கீங்கங்கிறது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. 1982-ல குரூப் என், குரூப் ஏ-ன்னு பிரிச்சது. ரெண்டுக்குமே ஆயிரக்கணக்குல தயாராகி வித்த வண்டியாத்தான் இருக்கணும். குரூப் என்-ல ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி கிட்டத்தட்ட அப்படியே ஓட்டணும். குரூப் ஏ-ல அதே வண்டி, ஆனா என்ஜின் உள்பாகம், சஸ்பென்ஷன் எல்லாத்துலயும் வேலை செய்யலாம். நம்ம ஊர் போட்டிகள்ல ஸ்டாக், மாடிஃபைடு, ஓப்பன்னு பல பேர்ல வர்றதுக்குப் பின்னாடி இருக்கிற எண்ணம் இதுதான். ஸ்டாக்ல எதை மாத்தலாம்னு பட்டியல் இருக்கும். பட்டியல்ல இல்லாததை மாத்தினா, அது ஒரு நட்டா இருந்தாலும், நீங்க ஸ்டாக் கிடையாது. "மாத்தக்கூடாதுன்னு எங்கயும் போடலையே"ன்னு வாதம் பண்றவங்க உண்டு. பெரும்பாலான விதிப்புத்தகங்கள் நேர்மாறா எழுதப்பட்டிருக்கு. மாத்தலாம்னு போடலைன்னா மாத்தக்கூடாது.

இதை நான் எங்க கத்துக்கிட்டேன்னா, 1998-ல. புத்தகத்துல இல்லை.

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது, 796 சி.சி. அதோட அந்த மூணு பெட்டிக் கணக்கு உடைஞ்சது. 1985-ல ஜிப்ஸி, 970. 1993-ல ஜென், 993. அடுத்த வருஷம் எஸ்டீம், 1298. வேகமான சின்ன வண்டி முதல் தடவையா நடுத்தரக் குடும்பத்துக் கைக்கு வந்தது. எங்க அப்பா கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்கு வெட்டி அனுப்பின கரும்புப் பணத்துல ஒரு பழைய ஜென் வாங்கினார், கார்புரேட்டர் மாடல். ஓட்டினது நான்தான். எனக்கு அப்போ இருபத்து நாலு வயசு, அறிவு அதுல பாதி.

ஒரு மைதானத்துல ஆட்டோகிராஸ் நடக்குதுன்னு கேள்விப்பட்டேன். உடனே ஒரு மெக்கானிக்கைப் பிடிச்சு கார்புரேட்டர் ஜெட்டைப் பெருசாக்கினேன், கேம் ஷாஃப்டை மாத்தினேன், ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தினேன். விதிமுறைப் பேப்பரை வாங்கினதே போட்டி அன்னைக்குக் காலையிலதான். வண்டியைப் பரிசோதிக்கிற ஸ்க்ரூட்டினியர், வயசான மனுஷன், குனிஞ்சு ஸ்பிரிங்கைப் பார்த்தார். பானெட்டைத் திறந்து என்ஜின் நிக்கிற சத்தத்தைக் கேட்டார். கேம் மாத்தினா ஐடிலிங்ல ஒரு தடுமாற்றம் வரும், காது உள்ளவனுக்குத் தெரிஞ்சிடும். ஒண்ணுமே சொல்லல. என் பேருக்கு நேரா இருந்த கிளாஸை பென்சில்ல அடிச்சு, பக்கத்துல வேற ஒண்ணு எழுதினார்.

அன்னைக்கு நான் பதினோரு பேர்ல ஒன்பதாவது. எனக்கு மேல இருந்தவங்க எல்லாம் ரோல் கேஜ் போட்டு, சீட்டையெல்லாம் கழட்டி, லாரியில ஏத்திக்கொண்டு வந்த வண்டிக்காரங்க. அது பரவாயில்லை. ஸ்டாக் கிளாஸ்ல கப் வாங்கினவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அதே ஜென், சீட் கவர்கூட கழட்டாம ஓட்டினார். அவர் நேரம் என் நேரத்தைவிட ஒரு வினாடிக்கும் மேல ஜாஸ்தி. அதாவது, நான் ஒண்ணுமே செய்யாம இருந்திருந்தா அவரோட மோதியிருப்பேன். செலவு பண்ணி அவரைவிட வேகமா ஓடி, ஒன்பதாவதா வந்தேன்.

இதோட முடிஞ்சிருந்தா சிரிச்சிட்டுப் போயிருக்கலாம். எங்க அக்கா அப்போ கல்வராயன் மலையில, வெள்ளிமலைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில டீச்சர். நிறைமாசம். ஐப்பசி மழை. வலி வந்துடுச்சுன்னு தகவல் வந்ததும் ஜென்னை எடுத்துக்கிட்டு மேல போனேன். போறப்போ தாழ்த்தின வண்டி பள்ளத்துல எல்லாம் அடி தட்டிச்சு. இறங்குறப்போ, பெரிய ஜெட்டு பெட்ரோலை அள்ளி ஊத்தி, ஸ்பார்க் பிளக் எல்லாம் கரி புடிச்சு, கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னாடி வண்டி நின்னுபோச்சு. பிளக்கைக் கழட்டித் துடைச்சுப் போட்டேன். ஓடல. மறுபடி துடைச்சேன். மச்சான் ஒண்ணும் சொல்லல, குடையைப் பிடிச்சிட்டு நின்னார். அக்காவும் ஒண்ணும் சொல்லல. அதுதான் தாங்க முடியல. கடுக்காய் மூட்டை ஏத்திக்கிட்டு ஒரு ஜீப் வந்துச்சு. மூட்டையைப் பாதி ரோட்டோரம் இறக்கி வச்சிட்டு அக்காவை ஏத்திக்கிட்டுக் கீழ போனாங்க. நான் வண்டியோட அங்கயே நின்னேன், மூட்டைக்குக் காவலா.

பையன் நல்லபடியா பொறந்தான். அவன்தான் இப்போ கொட்டேஷனோட வந்து நிக்கிறவன். ஸ்டாண்டர்ட் ஜெட்டும் ஸ்பிரிங்கும் அடுத்த வாரமே வண்டிக்குத் திரும்பிடுச்சு, கேம் மட்டும் கிடைக்க ரெண்டு மாசம் ஆச்சு.

வரலாற்றுக்குத் திரும்புவோம். கிளாஸ் சண்டையே வேண்டாம், எல்லாருக்கும் ஒரே வண்டின்னு ஒரு வழி இருக்கு. கோயம்புத்தூர் தொழிலதிபர் எஸ். கரிவரதன் அதைத்தான் செஞ்சார். மாருதி 800 என்ஜினை வச்சு ஒற்றை இருக்கை ஃபார்முலா மாருதி வண்டிகளை உருவாக்கினார். 1990-ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில நிரந்தர டிராக் வந்தப்போ அந்த வண்டிகள் அங்க ஓடிச்சு. நரேன் கார்த்திகேயன் மாதிரி ஆளுங்க அதுல ஓட்டித்தான் ஆரம்பிச்சாங்க. 1995-ல விமான விபத்துல கரிவரதன் இறந்துட்டார். செட்டிப்பாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான். அருமையான யோசனை, ஆனா அந்த வண்டியில பின் சீட்டு கிடையாது. மலையில இருந்து யாரையும் கூட்டிக்கிட்டு வர முடியாது.

அமெரிக்காக்காரங்க வேற வழி எடுத்தாங்க. அங்க எஸ்.சி.சி.ஏ.ங்கிற கிளப், 1944-ல தொடங்கினது, கார் பார்க்கிங் இடத்துல கோன் வச்சு நடத்துற போட்டிக்கு 1973-லயே தேசியப் போட்டி வச்சது. அவங்க சாதாரண வண்டிகளுக்கு சி.சி. கணக்கை நம்பல. ஒவ்வொரு மாடலையும் பேர் சொல்லி, இது இந்தக் கிளாஸ், அது அந்தக் கிளாஸ்னு பட்டியல் போட்டாங்க. சாதாரணத் தெரு வண்டிக்கு டயர்லயும் ஒரு கோடு: ட்ரெட்வேர் எண் 200-க்குக் குறையக்கூடாது. அந்த எண் பல டயர்களோட பக்கவாட்டுலயே அச்சடிச்சிருக்கும், போய்ப் பாருங்க. 100-ங்கிற ஒரு மாதிரி டயரைவிட எத்தனை மடங்கு உழைக்கும்னு சொல்ற எண் அது. எண் குறைஞ்சா ரப்பர் மெத்துனு இருக்கும், நல்லாப் பிடிக்கும், சீக்கிரம் தேஞ்சுடும். வெவ்வேற கிளாஸ் வண்டிகளை ஒப்பிட ஒரு பெருக்கல் எண்ணும் வச்சிருக்காங்க. உங்க நேரத்தை அதால பெருக்கி, ஒட்டுமொத்தமா யார் நல்லா ஓட்டினாங்கன்னு பாக்கலாம். மாடல் பட்டியல் போடுறது நியாயமான முறைதான், ஆனா வருஷா வருஷம் உக்காந்து சண்டை போட ஒரு கமிட்டி வேணும்.

நம்ம நாட்டுக்கு அடுத்த கோடு 2006 பிப்ரவரியில வந்துச்சு. போட்டது எந்த மோட்டார் கிளப்பும் இல்லை, நிதியமைச்சரா இருந்த நம்ம சிவகங்கைக்காரர் ப. சிதம்பரம். நாலு மீட்டருக்கு மிகாத நீளம், பெட்ரோல்னா 1200 சி.சி.க்குள்ள, டீசல்னா 1500-க்குள்ள இருந்தா, அது சின்ன கார், கலால் வரி 24 சதவீதத்துல இருந்து 16-க்குக் குறையும்னு பட்ஜெட்ல சொன்னார். அப்புறம் நடந்ததைப் பாருங்க. 2005-ல 1298 சி.சி.யோட வந்த ஸ்விஃப்ட், 2010-ல 1197 ஆச்சு. ஹூண்டாய் ஐ10 கப்பா என்ஜின் 1197. ஹோண்டா ஜாஸ் 1198. நிசான் மைக்ரா 1198. ஃபோக்ஸ்வாகன் போலோ 1198. ஃபோர்டு ஃபிகோ 1196. ஜப்பான், கொரியா, ஜெர்மனி, அமெரிக்கா எல்லாம் டில்லி கிழிச்ச கோட்டுக்கு ரெண்டு மூணு சி.சி. கீழ வந்து வரிசையா நிக்குது! 2025 செப்டம்பர்ல ஜி.எஸ்.டி.யை மாத்தினப்பவும் இந்த 1200-ம் நாலு மீட்டரும் அசையல.

இது ஆட்டோகிராஸ் ஓட்டுறவனுக்கு என்ன ஆச்சுன்னா, ஒரே அளவு என்ஜின் உள்ள வண்டிகள் ஒரே பெட்டியில குவிஞ்சது. 1400 வரைக்கும் ஒரு கிளாஸ்னு இருக்கிற இடத்துல, 1197 ஸ்விஃப்ட்டுக்குப் பழைய 1298 ஸ்விஃப்ட்டும் எஸ்டீமும் எதிராளி. நூறு சி.சி. வித்தியாசம் பயமுறுத்துற மாதிரி தெரியும். சாதாரண ஓட்டுநருக்கு மண் தரையில அது பெரிய விஷயமே இல்லைங்கிறது என் அபிப்பிராயம். கிளாஸோட மேல் எல்லைக்குப் பக்கத்துல இருக்கிற வண்டிக்குத்தான் காகிதத்துல லாபம், ஆனா முதல் கோனுக்கே பிரேக்கைத் தப்பா மிதிச்சா அந்த லாபம் போயிடும்.

டர்போ வண்டி வச்சிருக்கிறவங்க இங்க கொஞ்சம் காது குடுங்க. உங்க ஐ20 என் லைன் 998 சி.சி., போலோ டி.எஸ்.ஐ. 999. வரி ஆபீசுக்கு அது சின்ன என்ஜின். பந்தயக் கணக்குக்கு அப்படி இல்லை. டர்போ பெட்ரோல் என்ஜினோட சி.சி.யை எஃப்.ஐ.ஏ. விதி 1.7-ஆல பெருக்குது. 998-ஐப் பெருக்கினா 1696. ஆயிரம் சி.சி.ன்னு நம்பிப் போய், ரெண்டு படி மேல நிக்க வேண்டியிருக்கும். பேர் குடுக்கிறதுக்கு முன்னாடி, அந்தந்தப் போட்டிக்குன்னு தனியா வெளியிடுற சப்ளிமெண்டரி ரெகுலேஷன்ஸ்ல இந்தப் பெருக்கல் இருக்கான்னு பாத்துடுங்க.

கடைசியா ஒரு கோடு, இது பந்தயப் பேப்பர்லயே வராது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. கம்பெனி குடுத்த அடிப்படை அமைப்பை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல இதை அழுத்தமாச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் அஞ்சாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறைன்னு சேர்த்தாங்க. லாரியில ஏத்திக்கிட்டு வர்ற ரேஸ் வண்டிக்கு இதைப் பத்திக் கவலை இல்லை. உளுந்தூர்பேட்டை டோல்கேட்டைத் தாண்டி வீட்டுக்கு ஓட்டிக்கிட்டு வரவேண்டிய வண்டிக்கு உண்டு. இன்சூரன்ஸும் அப்படித்தான். சாதாரண தனியார் கார் பாலிசியை எடுத்துப் படிங்க, பந்தயம், வேகச் சோதனைக்கெல்லாம் பொருந்தாதுன்னு பொடி எழுத்துல இருக்கும். மைதானத்துல பம்பர் போனா உங்க காசுதான்.

இதெல்லாம் கேட்டுட்டு அவன் கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "ஸ்டாக்ல போனா எல்லாரும் சிரிப்பாங்களே மாமா"ன்னான். அதான் உண்மையான பிரச்சினை. சத்தம் இல்லாத சைலன்சரோட, பதினாலு இஞ்ச் இரும்பு வீலோட போய் நிக்கிறதுக்கு வெக்கம். அந்த வயசுல எனக்கும் இருந்துச்சு, அதுக்கு ஒரு கேம் ஷாஃப்ட் விலை குடுத்தேன்.

ரெண்டு பேரும் உக்காந்து பேப்பரைப் படிச்சோம். அவன் போட்டியில 1400 வரைக்கும் ஸ்டாக், அதே அளவுல ஓப்பன், முதல் தடவை ஓட்டுறவங்களுக்கு நோவிஸ்னு மூணு இடம் அவனுக்குத் திறந்திருந்தது. கொட்டேஷன்ல இருந்த நாலுல மூணு, ஒவ்வொண்ணா எடுத்தாலே அவனை ஓப்பனுக்குத் தள்ளும். நாலாவது அலாய் வீல். அதுக்குத் தடை இல்லை. ஆனா பதினாறு இஞ்ச் வீல்னா டயர் பக்கச் சுவர் மெலிஞ்சிடும். மண்ணுல கல்லு தட்டினா வீலே வளையும். அவன் வண்டியில இருக்கிற 165/80 ஆர்14 டயர் பாக்கிறதுக்கு ஆட்டோ சக்கரம் மாதிரி இருந்தாலும் அந்தத் தரைக்கு அதுதான் பொருத்தம்.

நோவிஸ், ஸ்டாக் ரெண்டுலயும் பேர் குடுக்கச் சொன்னேன். ரெண்டு கட்டணம், ஆனா ஓட்டக் கிடைக்கிற தடவையும் கூடும். முதல் வருஷத்துல வேணுங்கிறது அதுதான். புது பிரேக் ஃப்ளூயிட், நல்ல பிரேக் பேட், நாலு டயருக்கும் வீல் அலைன்மெண்ட், ஒரு நல்ல ஹெல்மெட், போட்டி லைசென்ஸுக்கான பணம். கொட்டேஷன்ல கால்வாசிகூட ஆகல.

பயிற்சிக்கு மலை ரோட்டுக்குப் போறேன்னான். அதுக்கு மட்டும் கொஞ்சம் கோபமாவே பேசிட்டேன். கச்சிராயபாளையத்துல இருந்து மேல போற ரோடு பஸ்ஸும் ஜீப்பும் ஸ்கூல் பிள்ளைங்களும் போற வழி. அது யாருக்கும் கிளாஸ் கிடையாது. கரும்பு வெட்டி முடிச்ச எங்க நிலத்துல ஒரு மூலையை மட்டம் பண்ணி, பெயிண்ட் பக்கெட்டைக் கவுத்து வச்சு வழி போட்டுக் குடுத்தேன். முதல் நாள் ஏழு பக்கெட்டுல அஞ்சு நசுங்கிச்சு. நாலாவது வாரம் ஒண்ணு.

போட்டி அன்னைக்கு நான் போகல, அவனே வேண்டாம்னுட்டான். சாயங்காலம் ரிசல்ட் பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பினான். நோவிஸ்ல நாலாவது. ஸ்டாக்ல பத்தொன்பது பேர்ல பதினொண்ணாவது. ஓப்பன் கிளாஸ் பட்டியலையும் சேர்த்து எடுத்திருந்தான், அவன் நேரத்துக்கு அதுல கடைசிக்கு முந்தின இடம் கிடைச்சிருக்கும்னு கீழ பேனாவால எழுதியிருந்தான். அவனுக்கு மேல இருந்த பத்துப் பேர்ல ஏழு பேர் வண்டி அதே 1197 ஸ்விஃப்ட். "இவங்க எப்படி மாமா ஓட்டுறாங்க?"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ். என்ன போட்டிருக்காங்கன்னு இந்தத் தடவை கேக்கல.

அடுத்த நாள் காலையில அதே வண்டியில ரெண்டு அரிசி மூட்டையையும் அக்காவையும் ஏத்திக்கிட்டு வெள்ளிமலைக்குப் போனான். வீல் ஆர்ச்ல செம்மண் அப்படியே ஒட்டியிருந்துச்சு.

அடுத்த எபிசோடுல, பிரீமியர் பத்மினியோட ஸ்டியரிங் கியர் எப்படி நம்ம மெக்கானிக்குகளைப் பாடாப்படுத்துச்சுன்னு பேசலாம்.